கடலே இல்லாத ஊர்ல சீ வியூ ரூம்

பாம்பன் பக்கத்துல இருந்து ஒரு தம்பி லெட்டர் போட்டிருக்காரு. பேரு போட்டுறாதீங்க அக்கா, மாமனார் கண்ணுல பட்டா வீட்ல பேச்சுவார்த்தையே நின்னுடும்னு கேட்டுக்கிட்டாரு, அதனால பேரு இல்ல. மொத்தம் ஆறு பக்கம். படிக்கப் படிக்க நான் சிரிச்ச சிரிப்புல என் ஜூனியர் வக்கீல் பொண்ணு கதவு வழியா எட்டிப் பாத்துட்டுப் போச்சு. ஆனா அஞ்சாவது பக்கத்துல நாலு வரி இருந்துச்சு, அதப் படிச்சதும் சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. அதுக்கு அப்புறமா வரேன்.

விஷயம் என்னன்னா, தம்பி, அவரு வீட்டுக்காரம்மா, மாமனார், மாமியார், மச்சினன்னு அஞ்சு பேரு ராமநாதபுரத்துல ஒரு ட்ராவல் ஏஜென்ட்கிட்ட பணம் கட்டி, திருச்சில ஃப்ளைட் ஏறி வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள் கோலாலம்பூர் போயிட்டு வந்திருக்காங்க. 2023 டிசம்பர்ல மலேசியாக்காரங்க நமக்கு விசா வேண்டாம்னு சொன்னதுல இருந்து நம்ம பக்கம் இந்த மூணு நாள் டூர் பெருகிப்போச்சு, முன்னாடி கொடைக்கானல் போன கூட்டமெல்லாம் இப்ப கே.எல். போகுது. போன இடத்துல ஹோட்டல் ரூம்ல துரியன் பழம் வெச்சதுக்கு 300 ரிங்கிட் அபராதம். ரெண்டு நாளும் காலை டிபன் கிடைக்கல. பத்துமலை படியில மாமியார் கையில இருந்த கவர குரங்கு புடுங்கி, உள்ள இருந்த பாஸ்போர்ட்ட கடிச்சுப் போட்டுடுச்சு. கடைசி நாள் ஃப்ளைட்ட விட்டுட்டு, மறுநாள் காலையில ஆளுக்கு 11,000 கொடுத்து வேற டிக்கெட் எடுத்து வந்திருக்காங்க, ராத்திரி முழுக்க ஏர்போர்ட் தரையில படுக்கை. இப்ப தம்பி கேக்கறது: ஹோட்டல்காரன்கிட்ட இருந்து 300 ரிங்கிட்ட வாங்க முடியுமா, ஏர்லைன்ஸ் 55,000 தருமா, ஏஜென்ட் மேல ரெண்டு லட்சம் கேட்டு கேஸ் போடலாமா, டேப் ஒட்டின பாஸ்போர்ட்டோட தீபாவளிக்கு சிங்கப்பூர் போலாமா.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க. உங்க லிஸ்ட்ல பாதி கேஸே இல்ல, உங்க மாமாவோட வாட்ச்சு. எது கேஸோ அத நீங்க போற போக்குல ஒரே வரியில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க.

மாமாவோட வாட்ச்சு

டிக்கெட்ல ராத்திரி 9.20ன்னு போட்டிருக்கு, எந்த நாட்டு நேரம்னு போடலயே, அது ஏர்லைன்ஸ் தப்புதானேன்னு கேட்டிருக்கீங்க. இல்ல தம்பி. உலகம் பூரா விமான டிக்கெட்ல ஒரே வழக்கம்தான், எந்த ஊர்ல இருந்து கிளம்புதோ அந்த ஊர் நேரம், எந்த ஊர்ல இறங்குதோ அந்த ஊர் நேரம். மலேசியா நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அதாவது அங்க 9.20ன்னா, மாமா நம்ம ஊர் நேரத்துலயே மாத்தாம கட்டியிருந்த வாட்ச்ல 6.50. நீங்க வாட்ச்ச பாத்து ஆறரை மணிக்கு, மூணு மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு ஏர்போர்ட்ல நுழைஞ்சப்ப அங்க ராத்திரி 9 மணி, கவுன்ட்டர மூடி ரொம்ப நேரம் ஆச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மச்சினன்தான். போகும்போது டிக்கெட் கணக்குல ஆறரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம், ஏன் இப்படின்னு உங்க வீட்டுக்காரம்மா கரெக்டா கேட்டிருக்காங்க, அதுக்கு அவரு "வரும்போது கொண்டல் காத்து பின்னாடி இருந்து தள்ளும்க்கா"ன்னு விளக்கம் கொடுத்திருக்காரு பாருங்க, கடக்கரை ரத்தம் பேசுது. பயணம் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம்தான், மிச்சம் எல்லாம் கடிகாரம் பண்ற வேலை.

உங்க வீட்டுக்காரம்மா போன்ல சரியான நேரம் காட்டிருக்கு, அத மாமா "போன் கோளாறு"ன்னு தள்ளிவிட்டுட்டாரு. அவரு சொன்ன காரணத்த நீங்க எழுதியிருக்கறத படிச்சப்ப, சரி, இந்த மனுஷன் மேலயும் முழுசா குத்தம் சொல்ல முடியாதுன்னு தோணுச்சு. தனுஷ்கோடி அரிச்சல்முனையில நின்னா நம்ம போன் சிலோன் டவர எடுக்கும், ஸ்ரீலங்காவுக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ்கூட வரும், அப்ப நேரம் மாறுதா, மாறல இல்ல? வெளிநாட்டு டவர் எடுத்தாலும் நேரம் மாறாதுன்னு அவரு வாழ்நாள் அனுபவம். ஆனா அது மாறாததுக்குக் காரணம் இலங்கை நேரமும் நம்ம நேரமும் ஒண்ணா இருக்கறது, 2006ல இருந்து அவங்களும் நம்ம நேரத்தையேதான் வெச்சிருக்காங்க. கிழக்க இன்னும் தூரம் போனா அந்த வசதி கிடையாது.

ஏஜென்ட் ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏற்பாடு பண்ணாம விட்டிருந்தா அவரப் புடிக்கலாம்னு நினைச்சுக்கிட்டேதான் படிச்சேன். அடுத்த பாராவுல நீங்களே எழுதிட்டீங்க, வேன்காரர் அஞ்சரைக்கு ஹோட்டல் வாசல்ல வந்து நின்னாரு, மாமா வாட்ச்ச காட்டி "மூணு மணிக்கு எதுக்குய்யா வந்த"ன்னு கேட்டாரு, அவரு மலாய்ல என்னமோ சொன்னாரு, மாமா தலைய ஆட்டி அனுப்பிட்டாருன்னு. அதோட அந்தக் கேஸ் படுத்துடுச்சு.

அதே வாட்ச்சுதான் உங்க டிபனையும் சாப்பிட்டிருக்கு. எட்டு மணிக்கு இறங்கிப் போனோம், எல்லாம் எடுத்து வெச்சுட்டாங்கன்னு ரெண்டு நாளும் அதே புகார். உங்க எட்டு அங்க பத்தரை. புகார்ல இத எழுதினீங்கன்னா எதிர்க்கட்சி வக்கீல் முதல் கேள்வியிலயே நுகர்வோர் ஆணையத்துல எல்லாரையும் சிரிக்க வெச்சுடுவாரு, அப்புறம் உங்க நல்ல பாயிண்ட்டும் எடுபடாது.

ஒண்ணு மட்டும் பண்ணுங்க. பறக்காத டிக்கெட்ல ஃபேர் போனது போனதுதான், ஆனா ஏர்போர்ட் வரின்னு தனியா ஒரு தொகை இருக்கும், அத திருப்பிக் கேக்கலாம். ஏர்லைன்ஸ் வெப்சைட்லயோ மெயில்லயோ புக்கிங் நம்பரப் போட்டு கேளுங்க, அவங்களா தர மாட்டாங்க.

துரியனா கருவாடா

தொழிலுக்கு வந்து இருவது வருஷத்துல இப்படி ஒரு டிஃபென்ஸ் நான் கேட்டதில்ல. ரூம்ல அடிச்சது துரியன் வாடை இல்ல, கிள்ளான்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கு மாமா கொண்டுபோன நெத்திலி கருவாட்டு வாடை, போர்டுல துரியன் படத்துக்குத்தான் கோடு போட்டிருந்துச்சு, கருவாட்டுக்குப் போடல, அதனால அபராதம் செல்லாது. வாதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே பக்கத்துல "நாலு சுளை சாப்பிட்டோம், மிச்சத்த அலமாரியில துணிக்குள்ள சுத்தி வெச்சோம்"னும் நீங்களே எழுதி கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

அந்த ஊர் ஹோட்டல்கள்ல துரியன் தடை ரொம்ப சாதாரணம், அந்த வாடை மெத்தையிலயும் ஏசிக்குள்ளயும் போயிட்டா அடுத்த ஆளுக்கு ரூமே கொடுக்க முடியாது. செக்-இன் பண்ணும்போது ஒரு கார்டுல கையெழுத்து வாங்கினாங்க இல்ல, அதுல இந்த நிபந்தனை இருக்கும், அதுதான் ஒப்பந்தம். பலாப்பழம்னு நினைச்சுட்டோம்ங்கறது எடுபடாது. பேங்க்ல சொல்லி கார்டு பணத்த திருப்பலாமான்னு கேட்டிருக்கீங்க, பொய்யான காரணம் சொல்லி அத செய்யாதீங்க. 300 ரிங்கிட்ட கணக்குல எழுதிட்டு விடுங்க. ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் வீதம் 40 ரிங்கிட் வாங்கினாங்கன்னு சொன்னது டூரிசம் வரி, வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் உண்டு, ஹோட்டல்காரன் ஏமாத்தல. ஆனா எல்லாம் சேத்துதான்னு ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருந்தா அந்த 40 அவரு பொறுப்பு.

ஏஜென்ட்கிட்ட கேக்க வேண்டியது

இப்ப நீங்க ஒரே வரியில தாண்டிப் போன விஷயம். "சீ வியூ ரூமுக்கு ஆளுக்கு 1,500 எக்ஸ்ட்ரா கட்டினோம், ஜன்னலத் தொறந்தா மேம்பாலம்தான் தெரிஞ்சுது, கேட்டதுக்கு எதிர் பில்டிங் மாடியில நீச்சல் குளம் தெரியுதுல்லன்னு சொன்னாரு."

தம்பி, கோலாலம்பூர்ல கடலே இல்ல. அது உள்நாட்டு ஊரு, கடல் பாக்கணும்னா கிள்ளான் துறைமுகம் பக்கம் போகணும். வாசப்படிய விட்டு இறங்கினா கடல்ல கால் நனையற பாம்பன்காரங்க, கடல் பாக்க 7,500 ரூபா கட்டி, கடல் இல்லாத ஊருக்குப் போயிட்டு வந்திருக்கீங்க. சிரிப்பா இருந்தாலும் இதுதான் தம்பி உங்க கேஸ். இல்லாத ஒண்ண இருக்குன்னு சொல்லி காசு வாங்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முறையற்ற வணிகம். கெந்திங் மலை கேபிள் கார்னு ஆளுக்கு 1,000 ரசீதுல போட்டுட்டு கூட்டிட்டுப் போகாதது சேவைக் குறைபாடு. ரெண்டும் சேத்து 12,500, மேல அலைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமா ஒரு தொகை. ரெண்டு லட்சம் கேக்காதீங்க, துரியன், டிபன், வாட்ச் எல்லாத்தையும் அதுல திணிச்சா உண்மையான பாயிண்ட்டு மூழ்கிடும்.

முதல்ல ஏஜென்ட்டுக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட், 15 நாள் டைம். நீங்களே எழுதலாம், வக்கீல் நோட்டீஸ்தான் வேணும்னு இல்ல (இத நான் சொல்றது என் பொழப்புக்கே ஆகாது, பரவால்ல). இடையில 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சு வைங்க, பல ஏஜென்ட்டுங்க அந்த போன் வந்ததும் இறங்கி வந்துடுவாங்க. அப்பவும் மசியலன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ஏஜென்ட் நாளைக்கு கடைய மதுரைக்கு மாத்திட்டாலும் நீங்க அலைய வேண்டாம். கட்டின தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம், இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம். நடந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ஏஜென்ட்டோட வாட்ஸ்அப் பேச்ச அழிச்சுடாதீங்க, போன் மாத்தறதா இருந்தாலும் பழைய போன வெச்சிருங்க. டூர் பில்லுல டிசிஎஸ்னு ஒரு வரி பிடிச்சிருப்பாங்க, அது ஏஜென்ட் கொள்ளையடிச்சது இல்ல, உங்க பான் நம்பர்ல வரவு ஆகியிருக்கும், வருமான வரி ரிட்டர்ன் போட்டு கழிச்சுக்கலாம். போடாத ஆளா இருந்தா இதுக்காகவாவது போடுங்க.

குரங்கு கடிச்ச பாஸ்போர்ட்

பத்துமலையில 272 படி, படிக்கு ரெண்டு குரங்கு. கடலை மிட்டாய் பாக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு கையில ஆட்டிக்கிட்டே ஏறினா குரங்கு என்ன தம்பி பண்ணும். அத்தை கையில நகம் கீறியிருந்தா இப்பவாவது ஆஸ்பத்திரி போய் ஊசி விஷயம் கேளுங்க, அது என் டிபார்ட்மென்ட் இல்ல, ஆனா விளையாட்டும் இல்ல.

அத்தை பாஸ்போர்ட்ல மூலை போயிடுச்சு, ஒரு பக்கம் பாதி கிழிஞ்சிருக்கு, செல்லோ டேப் ஒட்டியாச்சு, வரும்போது ஆபீசர் சிரிச்சுட்டு விட்டுட்டாரு, அதனால ஓகேதானேன்னு கேக்கறீங்க. ஓகே இல்ல. வரும்போது விட்டது சொந்த நாட்டுக்குத் திரும்பி வர்ற ஆளுங்கறதால. போகும்போது செக்-இன் கவுன்ட்டர்லயே நிறுத்திடுவாங்க. பாஸ்போர்ட் நம்ம கையில இருந்தாலும் 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசோட சொத்து, நாமளா ஒட்டுற வேலை வெட்டுற வேலை எதுவும் செய்யக் கூடாது. மேல மேல டேப் ஒட்டாதீங்க, ஒட்டினத பிக்கவும் வேண்டாம். சேதமான பாஸ்போர்ட்டுன்னு போட்டு புதுசுக்கு விண்ணப்பிக்கணும், 36 பக்க புக்குக்கு 3,000 ரூபா, தட்கல்னா இன்னும் 2,000. எப்படி சேதமாச்சுன்னு எழுத்துல உறுதிமொழி கேப்பாங்க. குரங்கு கடிச்சதுன்னே எழுதுங்க, வெக்கப்பட்டுக்கிட்டு தண்ணில விழுந்துடுச்சுன்னு எழுதினா பல்லுத் தடம் காட்டிக் கொடுத்துடும்.

மாமா சொன்னதாவும் எழுதியிருக்கீங்க: "பாஸ்போர்ட்டே இல்லாம கச்சத்தீவு போய் அந்தோணியாரக் கும்பிட்டு வந்தவன் நான், கிழிஞ்ச பாஸ்போர்ட்டுக்கு என்ன." மாமாகிட்ட பக்குவமா சொல்லுங்க, அந்த திருவிழாவுக்கு பாஸ்போர்ட் விசா கேக்காதது 1974 ஒப்பந்தத்துல நம்ம யாத்திரைக்காரங்களுக்குன்னே எழுதி வாங்கினது. அதுக்கும் முன்கூட்டியே பேரு கொடுத்து, அடையாள அட்டை காட்டி, போலீஸ் பாத்து, ராமேஸ்வரம் துறைமுகத்துல செக்கிங் முடிச்சுத்தான் படகு ஏறினாரு. சிங்கப்பூர்காரன் நம்மகூட அப்படி ஒப்பந்தம் எதுவும் போடல. அவனுக்கு விசா வேணும், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லணும், பபுள்கம் கொண்டுபோகக் கூடாது, முக்கியமா அத்தை அரைச்சு எடுத்துட்டுப் போற மசாலாவுல கசகசா இருக்கக் கூடாது, அது அங்க போதைப்பொருள் துறை பாக்கற சாமான்.

அந்த பால் பவுடர் டின்

இப்ப அஞ்சாவது பக்கம். ஏர்போர்ட் தரையில படுத்திருந்தப்ப நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் வந்து பேச்சுக் கொடுத்தாரு, தொண்டியில அக்கா வீடு இருக்குன்னாரு, பால் பவுடர் டின் ஒண்ணு கொடுத்து திருச்சியில ஆள் வந்து வாங்கிப்பாருன்னாரு, வாங்கின ஆளு 2,000 ரூபாயும் ஒரு கோடாலி தைலமும் கொடுத்தாரு, டூர்ல எங்களுக்கு வந்த ஒரே வரும்படி அதுதான்னு ஜோக்கா எழுதியிருக்கீங்க.

தம்பி, ஒரு டின் பால் பவுடர் என்ன விலை, அத சும்மா கொண்டுவந்ததுக்கு 2,000 யாரு கொடுப்பா? குருவின்னா என்னன்னு, அதாவது அடுத்தவங்க சாமான கூலிக்கு விமானத்துல தூக்கிட்டு வர்ற ஆளுன்னு, கீழக்கரையில இருந்து தொண்டி வரைக்கும் தெரியாத ஆள் கிடையாது. உங்கள ஒரு நாள் குருவி ஆக்கிட்டாங்க, உங்களுக்கே தெரியாம.

டின்னுக்குள்ள தங்கம் இருந்திருந்தா, கஸ்டம்ஸ் சட்டம் 123வது பிரிவுப்படி அது கடத்தல் இல்லன்னு நிரூபிக்க வேண்டியது யாரு கையில இருந்ததோ அவரு. தண்டனை ஏழு வருஷம் வரைக்கும் போகும். வேற பொடியா இருந்திருந்தா இன்னும் மோசம். மலேசியாவுல போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனைய 2023ல எடுத்துட்டாங்க, ஆனா நீதிபதி நினைச்சா இப்பவும் கொடுக்கலாம், இல்லன்னா ஆயுள் சிறை, பிரம்படி. பொருள் உங்க கட்டுப்பாட்டுல இருந்தா உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்னுதான் அந்த ஊர் சட்டம் எடுத்துக்கும், நம்ம ஊர் போதைப்பொருள் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். "எனக்குத் தெரியாது சார், ஊர்க்காரருன்னு வாங்கினேன்"ங்கறத நிரூபிக்கற வேலை உங்க தலையில. கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு "யாராவது கொடுத்த பொருள் இருக்கா"ன்னு கேட்டப்ப நீங்க இல்லன்னு தலையாட்டினதா வேற எழுதியிருக்கீங்க.

இப்ப உங்க மேல எந்தக் கேஸும் இல்ல, பயந்து ஓட வேண்டாம். நடந்தத தேதி, நேரம், ஆள் அடையாளம், வாங்கின ஆள் பேசின நம்பர் எல்லாம் போட்டு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க, போர்டிங் பாஸ தூக்கிப் போட்டுடாதீங்க. அந்த நம்பருக்கு நீங்களா போன் பண்ணாதீங்க. அடுத்த ட்ரிப் எப்பன்னு கேட்டு அவங்க கூப்பிட்டா இல்லன்னு சொல்லி வைங்க. டின்ல எடை குறையுது, பொருளக் காணோம்னு யாராவது மிரட்டினா, இந்தத் தொழில்ல அது நடக்கறதுதான், நாமளே பேசி முடிச்சுக்கலாம்னு போய் உக்காராதீங்க, அன்னைக்கே ஒரு வக்கீலக் கூட்டிக்கிட்டு போலீஸ்ல எழுதிக் கொடுங்க. எப்பவாவது விசாரணைன்னு அழைப்பு வந்தாலும் இதே கதைய மாத்தாம சொல்லுங்க, தனியா போகாதீங்க. மச்சினன்கிட்டயும் சொல்லிடுங்க, அவருக்கு அந்த 2,000 ரூபா ஐடியா பிடிச்சுப்போச்சுன்னு நீங்க எழுதியிருக்கற விதத்துலயே தெரியுது.

இன்னொண்ணு, அத்தை ஒன்பது பவுன் போட்டுக்கிட்டுப் போய் திருச்சியில மாட்டிக்கிட்டு, போன்ல கல்யாண போட்டோவ காட்டி வெளிய வந்தாங்கன்னு எழுதினீங்க இல்ல, அடுத்த தடவை போறதுக்கு முன்னாடியே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல நகைய காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கச் சொல்லுங்க, வரும்போது தகராறு இருக்காது. பொம்பளைங்க 40 கிராம் கொண்டு வரலாமேன்னு மச்சினன் சொல்றது ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு, மூணு நாள் போனவங்களுக்கு இல்ல.

வர்ற திங்கக்கிழமை பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்ல அப்பாயின்ட்மென்ட் போடுங்க, அதே வாரம் ஏஜென்ட்டுக்குத் தபாலும் போயிடட்டும். தபாலோட ரசீது நகல், சீ வியூன்னு அடிச்ச நோட்டீஸ், ஜன்னல் வழியா எடுத்த மேம்பாலம் போட்டோ மூணையும் வெச்சு அனுப்புங்க. பாலத்துல ஓடற பஸ்ஸு போட்டோவுல நல்லா தெரியட்டும், பின்னாடி நீல கலர்ல தெரியறது கடல்தான்னு அந்த ஆளு சொன்னாலும் சொல்லுவாரு.